திறக்காத நோன்பு

நான் வேலை பார்த்த கல்லூரியின் விடுதி மெஸ் வாசலில் இப்போது கைரேகை மிஷின் வைத்திருக்கிறார்களாம். யார் சாப்பிட வந்தாள், யார் வரவில்லை என்று அதுவே சொல்லிவிடுமாம். புதிதாகச் சேர்ந்திருக்கும், மாணவிகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பெண் போன மாதம் பள்ளிகொண்டாவில் என் வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னாள். "சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கிற பொண்ணுங்கள ஈஸியா கண்டுபிடிச்சிடலாம் சிஸ்டர்" என்றாள். நல்ல பெண். முகத்தில் அடித்தாற்போல் பேச மனசு வரவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்காது. "மெஸ்ஸுக்கு வந்தாளான்னு மிஷின் சொல்லும். சாப்ட்டாளான்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க சிஸ்டர். எங்க ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்ததை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. தெரியாமல் கோட்டை விட்டதைத்தான் எழுத வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயர் மட்டும் நிஜம். நான் கிரேஸ்.

வேலூரில் நர்சிங் படித்தேன். படிப்பு முடிந்து பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையின் கிளினிக்கில் பல வருஷம் இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து கை வெந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து தலைவலி மாத்திரை கேட்பார்கள். காட்டினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வாய் சொல்வதைக் கேட்காதே, கையைப் பார் என்று அங்கேதான் படித்தேன். பிறகு ஆம்பூர் பக்கம் இந்தப் பெண்கள் கல்லூரியில் சுகாதார அறைக்கு ஆள் கேட்டார்கள் என்று வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

இரண்டு கட்டில், ஒரு திரை, எடை மிஷின், பிரஷர் பார்க்கும் கருவி, மருந்து அலமாரி. இதுதான் என் ராஜ்யம். வருகிறவர்களில் பாதி மாதவிலக்கு வலி, மீதி ஜுரம், பரீட்சை நேரத்தில் மயக்கம். மயங்கி வந்தவளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு பிஸ்கட், கூடவே என் வாயால் ஒரு திட்டு. "காலையில ஒழுங்கா சாப்ட்டு வரதுக்கு இன்னாடி கேடு?" இதுதான் என் வைத்தியம். வாரம் பூராவும் நானேதான் டாக்டர் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நிஜ டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். டாக்டர் ஹேமா. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தே வருவார். மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்ணின் முட்டிக்குப் பக்கத்தில் உட்காருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை பேச மாட்டார். அதற்குள் எதிரில் இருப்பவளே பேச ஆரம்பித்துவிடுவாள்.

சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதே இல்லை. "நேத்து மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்ட்ட? இன்னா பேசிக்கிட்டீங்க?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தையில் பொய் சொல்லிவிடலாம். இன்னாரோடு இன்னது பேசினேன் என்று கோர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் தடுமாறும். எடை பார்க்கும்போது பெண்ணை முள்ளுக்கு முதுகு காட்டி நிற்க வைக்க வேண்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. அதற்கு முன்னால் நான் ரேஷன் கடை எடைக்காரர் மாதிரி எல்லோர் காதிலும் விழச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவேன்.

அவர் திட்ட மாட்டார். என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்று தோன்றுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். மறுபடி பார்த்து எழுது என்று அர்த்தம். நான்கு வார்த்தை திட்டினால் தேவலையே என்று இருக்கும் எனக்கு.

ஒரு தடவை நஸ்ரின் என்று ஒரு பெண். ஷூ கம்பெனிக்குத் தோல் சப்ளை செய்கிறவரின் மகள். படபடவென்று பேசுவாள், பட்டென்று அழுவாள், கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிவாள். ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறாள் என்று விடுதியே பேசியது. அவள் பண்ணின ரகளையில் வார்டன், முதல்வர், அம்மா, மாமி எல்லோரும் என் அறையில் கூடிவிட்டார்கள். வைத்தியம் நடந்தது. இன்றைக்கு அவளுக்கு இரண்டு குழந்தைகள், நன்றாக இருக்கிறாள். டாக்டர் ஹேமா அன்று சொன்னார், "இவ குணம் இவளைக் காப்பாத்திடுச்சு சிஸ்டர். சத்தம் போடறவளை எல்லாரும் பாப்பாங்க. சத்தமே போடாம ஒருத்தி இருப்பா, அவளைத்தான் நாம தேடணும்." நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சத்தமே போடாத அந்த ஒருத்தி தினமும் என் கண்ணெதிரேதான் இருந்தாள். கலைவாணி. கணக்குப் பட்டப்படிப்பு. பேரணாம்பட்டுப் பக்கம் கிராமம். அப்பா தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவர், அம்மா பீடி சுற்றுகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் நோட்டுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு கணக்கில் ஒரு எழுத்து தவறிவிட்டால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள் என்று அவளோடு அறையில் இருந்தவர்கள் கேலி செய்வார்கள். பல்கலைக்கழக ரேங்க் வாங்குவாள் என்று கல்லூரியே காத்திருந்தது. சொன்ன வேலையைச் சொன்னதற்குமேல் செய்வாள் என்று மெஸ் செகரட்டரி ஆக்கினார்கள். கரண்டியோடு நின்று ஒவ்வொருத்தியையும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடி, எலும்பா இருக்க" என்று அதட்டிப் போடுவாள். எல்லோருக்கும் போட்டு முடித்து அவள் எப்போது சாப்பிட்டாள் என்று யாரும் பார்த்ததில்லை. கடைசியில் சாப்பிடுவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அவள் இரண்டாம் வருஷத்தில் ரம்ஜான் வந்தது. அறையில் கூட இருந்த மூன்று பேரும் முஸ்லிம் பெண்கள். அவர்களோடு சேர்ந்து இவளும் நோன்பு பிடித்தாள். விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாடு பரிமாற எழுந்துவிடுவாள், சாயங்காலம் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் இவள் கையால்தான். எங்கள் ஊரில் இதெல்லாம் புதுசு இல்லை. ஒருத்தர் பண்டிகைக்கு இன்னொருத்தர் வீட்டில் அடுப்பு எரியாது, பிரியாணி வரும் என்று தெரியும். ஆனாலும் ஒரு இந்துப் பெண் முப்பது நாளும் விடாமல் பிடித்தது எல்லோருக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது. நோன்பு திறக்கிற இஃப்தார் விருந்தில் முதல்வர் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். நிருபர் ஒருவர் படம் எடுத்துப்போய்ப் பேப்பரில் போட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினவர்களில் நானும் ஒருத்தி. பெருநாள் அன்று பிரியாணி அண்டாவையும் கத்திரிக்காய்த் தொக்கையும் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் அவள்தான் போட்டாள். என் தட்டில் இரண்டு துண்டு கறி ஜாஸ்தியாகவே போட்டாள்.

ரம்ஜான் முடிந்தது. அடுத்த மாதம் ஆறு நோன்பு என்று கூட இருந்த பெண்கள் பிடித்தார்கள், இவளும் பிடித்தாள். கோடை விடுமுறை முடிந்து மூன்றாம் வருஷம் தொடங்கினபோது ஆடி வந்தது. ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி. எதைக் கேட்டாலும் விரதம். இளைத்துப் போயிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தேன் என்றே எழுதுகிறேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விரதம் இருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நானும் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவேன். முஸ்லிம் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இடத்தில் இரண்டிலும் சேராத நான் அவரவர் சாமி விஷயத்தில் வாய் வைக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆடி மாசத்தில் ஒருநாள் மத்தியானம் ருக்ஸானா வந்தாள். கலைவாணியின் அறைத் தோழி. பக்கத்துக் கட்டில்காரி. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"இன்னாம்மா, ஜுரமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். கலையப் பத்தி. அவ சாப்டறதே இல்ல."

"விரதம் இருக்கா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். திங்கள், வியாழன் எங்கம்மா நோன்பு வெப்பாங்கன்னு சொன்னேன், அன்னிலேர்ந்து அதையும் புடிச்சிக்கினா. செவ்வா, வெள்ளி அம்மன். சனிக்கிழமை பெருமாள். புதன்கிழமை வயிறு சரியில்லன்றா. ஞாயித்துக்கிழமை தூங்கிட்டேன்றா. வேற எந்த நாள் சிஸ்டர் இருக்கு?"

நான் பஞ்சு உருண்டை செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நோன்புன்னா தொறக்கணும் சிஸ்டர்" என்றாள் ருக்ஸானா. "சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னா தண்ணி குடிச்சித் தொறக்கணும், அப்பறம் சாப்டணும். இவ ஒரு பேரீச்சம்பழத்தைக் கடிச்சிட்டு எங்களுக்குப் பரிமாறப் போய்டறா. தொறக்காதது எப்படி நோன்பாவும்?"

இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் நோயைச் சொல்ல முடியாது. பத்தொன்பது வயசுப் பெண் சொல்கிறாள். நான் சொன்ன பதில் இது: "அது அவ நம்பிக்கை. உனக்கு இன்னா பேஜாரு? கூட இருக்கறவங்க நொய்நொய்னு கேட்டாத்தான் அவளுக்குக் கஷ்டம். நீ உன் படிப்பைப் பாரு." அவளைப் பாராட்டினார்கள், இவளுக்குப் பொறாமை என்றுகூட என் புத்தி போயிற்று. "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெண்.

புரட்டாசி வந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கலைவாணி கரண்டியோடு மெஸ்ஸில் விழுந்துவிட்டாள். நான்கு பேர் போர்வையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். நாடியைப் பிடித்தேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது முழு நிமிஷம் எண்ண வேண்டும் என்று. வேலைக்கு வந்தபின் யாரும் எண்ணுவதில்லை. கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவோம். பெருக்கினேன். வந்த எண் ரொம்பக் கம்மி. ஓடியாடுகிற வயசுப் பெண்ணுக்கு இப்படி இருக்காது, நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று முடிவு செய்து, சரியாக இருக்கும் என்று எனக்குப் பட்ட எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். அவளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கி நன்றி சொன்னாள். குடித்தாளா என்று நின்று பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளி. டாக்டர் ஹேமா பதிவேட்டைப் புரட்டினார். அந்த எண் பக்கத்தில் பென்சில் புள்ளி விழுந்தது. பிறகு, என் காலத்தில் ஒரே தடவையாக, வாயைத் திறந்து கேட்டார். "சிஸ்டர், இது எண்ணினதா, எழுதினதா?"

"கூப்பிடுங்க அவளை" என்றார்.

அன்று அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திரையை இழுத்தார். அவளைப் படுக்க வைத்தார். ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாடியை முழு நிமிஷம் எண்ணினார், மறுபடியும் ஒரு முழு நிமிஷம். படுத்தபடி பிரஷர் பார்த்தார், எழுப்பி நிற்க வைத்து உடனே மறுபடி பார்த்தார். உள்ளங்கைகளை இரண்டு கைகளாலும் பிடித்து, ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் கைகளை விடாமலே பேச ஆரம்பித்தார்.

"கடைசியா நீ எதுக்குச் சிரிச்ச கலை?"

அவள் யோசித்தாள். கணக்குக்கு விடை தேடுகிற மாதிரி நிஜமாகவே யோசித்தாள். "ஞாபகம் இல்ல மேடம்."

"அழுதது?"

"அழுகையும் வரல மேடம். முன்னாடி வரும். இப்ப ஒண்ணுமே வரல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலைவாணி பேசினாள். "காலைல எழுந்ததுலேர்ந்து எல்லாத்தையும் தப்பாவே பண்றேன்னு இருக்கும் மேடம். பேசினா தப்பு, பேசலன்னா தப்பு. அப்பா அவ்ளோ கஷ்டப்படறார், நான் ஒரு மார்க் விட்டுட்டேன்னா அது தப்பு. சாப்டாம இருக்கறப்ப மட்டும்தான் ஒரு விஷயத்தையாவது சரியா பண்றேன்னு இருக்கு. எல்லாரும் அதுக்குத்தான் கையும் தட்டினாங்க."

நான் திரைக்கு உள்ளேயே கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மனசே சாப்பாட்டை ஒதுக்கச் செய்கிற நோய், நர்சிங் படித்தபோது புத்தகத்தில் ஒரே பத்தியில் வந்த பெயர். வெள்ளைக்காரப் பணக்காரப் பெண்களுக்கு வருகிற நோய் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருந்தேன். "பீடி சுத்தற வீட்டுப் பொண்ணுக்கு இது வருமா மேடம்?" என்று கேட்டேன். "ஏன், அவங்களுக்கு மனசு கிடையாதா?" என்றார். அப்புறம் கொஞ்சம் சாந்தமாகச் சொன்னார். "மனசு சோர்ந்துபோய் சாப்பாட்டை விட்டாளா, சாப்பாட்டை விட்டு மனசு சோர்ந்துதா, இப்ப சொல்ல முடியாது சிஸ்டர். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும். எதையும் பிசகில்லாம பண்ணணும்ங்கற குணம் இருக்கே, அது ரெண்டுக்கும் இடம் குடுக்கும். அந்தக் குணத்தைத்தான் நாம எல்லாரும் சமர்த்துன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்." நாம என்றார். அந்த நாமவில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவள் அப்பா வந்தார், முறை நாள் இல்லாவிட்டாலும் டாக்டரும் வந்திருந்தார். அப்பா ஷிஃப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடே வந்திருந்தார். உடம்பில் தோல் வாடை அடிக்கும் என்று அறைக்கு உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். இஃப்தார் படம். "கம்பெனில பாய்ங்க எல்லாம் என் கையைப் புடிச்சிச் சொன்னாங்க சிஸ்டர், நல்ல புள்ளைய வளத்திருக்கேன்னு. இப்ப அதையே வியாதின்றீங்களே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். விரதம் வியாதி இல்லை, வியாதி விரதத்துக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். செமஸ்டர் பரீட்சையை முடித்துவிட்டுப் போகிறேன் என்று கலைவாணி கெஞ்சினாள். டாக்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அன்று சாயங்காலமே வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பல வாரம் அங்கே இருந்தாள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதா மாதம் வந்து காட்டச் சொன்னார்கள், தவறாமல் வந்தார்கள். எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் நடுவில் தேர்வு முடிவுகள் வெளியாகி, அவளோடு படித்தவர்களெல்லாம் தேறிவிட்டார்கள் என்று தெரிந்த வாரத்திலிருந்து மறுபடி தட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டாளாம். தை மாசத்தில் ஒருநாள் காலையில் அம்மா எழுப்பப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த இதயம், அதற்குமேல் தாங்கவில்லை என்றார்கள்.

சாவுக்கு டாக்டர் ஹேமாவும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். வீட்டுக்குள்ளே அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களாலதான் சிஸ்டர் இவ்ளோ நாளாவது இருந்தா" என்று அழுதார். அந்த நேரத்தில் பூமி என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ருக்ஸானா நின்றுகொண்டிருந்தாள். அண்ணனோடு வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா சிஸ்டர்? அன்னிக்கி நீங்க சொன்னதுக்கு அப்பறம் நான் அவகிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேசவே இல்ல. அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னீங்க இல்ல, அதனால. அதுக்கு முன்னாடி தெனமும் ராத்திரி என் தட்டிலேர்ந்து ஊட்டுவேன். திட்டிக்கிட்டே ரெண்டு வாய், மூணு வாய் வாங்கிப்பா. அதை நான் நிறுத்திட்டேன். நான் நிறுத்தினதாலதான் இப்படி ஆய்டுச்சா சிஸ்டர்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பின்னால் சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டைவரை வந்தது. காதில் விழுகிற தூரத்தில் டாக்டர் நின்றார், அவளுடைய அண்ணன் நின்றான், வயசான நர்ஸுக்கு மானம் பெரிதாக இருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அந்தப் பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இருப்பாள் என்பது மட்டும் தெரியும். கவுன்சிலர் அம்மா, நீ இதை யாருக்குப் படித்துக் காட்டினாலும் சரி, அவள் நிஜப் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், முதலில் அவளைத் தேடிப் பிடித்து இதைக் கொடு. ருக்ஸானா, நீ சரியாகத்தான் பார்த்தாய், சரியான ஆளிடம்தான் வந்து சொன்னாய். அவளுக்கு நீ ஊட்டிக்கொண்டிருந்தாய். நிறுத்தச் சொன்னது நான்.